சிவப்பு விளக்கில் இழுத்த வலை

கடலுக்குக் காது வைத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் செங்கணித்துறையிலிருந்து கீழத்துறை வரைக்கும் எட்டு மைல் தூரத்துக்குத் தண்ணீருக்குள் கம்பம் கம்பமாக நட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கரையிலும் ஒரு விளக்குத்தூண். தூணின் உச்சியில் ஒரு ஒலிபெருக்கி. மொத்தத்துக்கும் அரசாங்கம் என்னவோ நீளமான பெயர் வைத்திருந்தது. நாங்கள் செவி என்போம்.

அன்று காணும் பொங்கல். உள்நாட்டு ஜனம் வேன் வேனாக வந்து கரையில் இறங்கியிருந்தது. கரும்புச் சக்கை, எலுமிச்சைச் சாதம், பிள்ளைகளின் கூச்சல். எங்கள் கரைவலை காலையிலேயே கடலில் இறங்கிவிட்டது. வள்ளம் ஒரு கயிற்றைக் கரையில் கொடுத்துவிட்டுப் போய், அரை வட்டமாக வலையை விரித்துவிட்டு, மறு கயிற்றோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. இனி இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டம் இழுக்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை. இடுப்பில் பட்டையை மாட்டி, கயிற்றில் கோத்து, பின்னால் பின்னால் நடக்க வேண்டும்.

கமுதிப் பக்கத்திலிருந்து வந்த மிளகாய்க் காட்டுக்காரர் ஒருவர், வெள்ளைச்சாமி என்று பெயர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தத் தூணு எதுக்குண்ணே? இங்கிட்டு ரோடு கீடு ஒண்ணுமில்லையே."

"ஆவுளியாவுக்கு சிக்னலு" என்றான் எனக்கு முன்னால் இழுத்துக்கொண்டிருந்த தொம்மை.

"ஆவுளியான்னா?"

"கடல்பசு. படிச்ச ஆளுக அப்படிச் சொல்லுவாக. எருமை சைஸு இருக்கும். தண்ணிக்குள்ள புல்லு மேயும். அது மெல்லுத சத்தம், மூச்சு விடுத சத்தம் எல்லாம் அந்தக் கம்பத்துக்குக் கேக்கும். இந்தக் கரைக்கு நேரா வந்துச்சுன்னா சிவப்பு. வலை நிக்கணும், குளிக்கிறவுக ஏறணும். போயிருச்சுன்னா பச்சை."

"போயிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

"அரை மணி நேரம் சத்தம் கேக்கலன்னா போயிருச்சுன்னு அர்த்தம்."

"நல்ல ஏற்பாடுதானே."

"நல்ல ஏற்பாடுதான். முன்னாடி கடலையே மொத்தமா மூடணும்னு பேச்சு. இப்ப அது நிக்கிற இடம் மட்டும்தான் மூடும். நம்ம பொழப்பும் நடக்கு, அதுவும் மேயுது."

தொம்மை சொன்னது உண்மை. செவி வந்த புதிதில் எங்கள் எல்லாருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அவன் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. சிவப்பு எரியும்போது வலை ஒரு முழம் அசைந்தாலும் செவிக்குத் தெரியும். அது ஒரு தவறு. மூன்று தவறு சேர்ந்தால் இருபத்து நாலு மணி நேரத்தில் அந்தக் கரை மூடப்படும். வலைக்கு மட்டும் என்று இல்லை. குளிக்க, உட்கார, கருவாடு காயப்போட, செத்தவர்களுக்கு முழுக்குப் போட, எதற்கும் ஆள் இறங்க முடியாது. இதில் மனுஷன் கை வைக்க வழியில்லை. கை வைத்தால் மாமன் மச்சான் பார்ப்பான் என்று இயந்திரத்திடமே விட்டிருந்தார்கள். நடுவில் இருந்த இரண்டு துறை அப்படித்தான் போயின. செங்கணித்துறைக்கு ஏற்கெனவே இரண்டு தவறு விழுந்திருந்தது. இரண்டும் கித்தேரி கணக்கில்.

கித்தேரிதான் எங்கள் மண்டாடி. எந்த இடத்தில் வலை விரிக்க வேண்டும், எப்போது எந்தக் கயிற்றை இறுக்க வேண்டும் என்று சொல்கிறவர் மண்டாடி. பொம்பளை மண்டாடியா என்று முதலில் சிரித்தவர்கள் உண்டு. நானும் சிரித்தேன். இரண்டு வருஷம் முன்பு கீழத்துறையிலிருந்து இங்கே வேலைக்கு வந்த முதல் நாள், அவள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, "இடது கயிறு இருவது முழம் முன்னால போவுது, பிடிச்சு நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினோம். வலை நேரானது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

வெள்ளைச்சாமியும் ஒரு கை பிடிக்கட்டுமா என்றார். "பிடியும் வே. கயிறு தொட்டவனுக்கு மீன் உண்டு, இங்க அதான் வழக்கம்" என்றாள் கித்தேரி. அவருடைய மச்சினன், பக்கத்து வேன்காரர் என்று நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். இழுக்கத் தெரியாமல் கையால் இழுத்தார்கள். தொம்மை அவர்கள் நடையைப் பார்த்து, "ஏரு ஓட்டுத மாதிரி முன்னால போவாதீரும், இங்க எல்லாமே பின்னால போறதுதான்" என்றான்.

வலை பாதி தூரம் வந்திருக்கும். விளக்கு சிவப்பானது.

ஒலிபெருக்கி கத்தியது. "பாதுகாக்கப்பட்ட உயிரினம். அனைவரும் கரையேறவும். வலையை நிறுத்தவும்." பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஏறினார்கள். என் கை தானாகக் கயிற்றை விட்டுவிட்டது. நான் மட்டும் இல்லை, இரண்டு பக்கமும் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். மூன்றாவது தவறு என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

கித்தேரி இடுப்பளவு தண்ணீரில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலையின் மிதவைகளுக்கு உள்பக்கம் ஒரு மூக்கு மேலே வந்தது. புஸ்ஸென்று மூச்சு. அதன் பக்கத்தில் இன்னொரு மூக்கு, சின்னது.

"தாயும் குட்டியும். வலைக்குள்ள நிக்கி" என்றாள். திரும்பினாள். "யாரு கயிற விட்டது? இழுங்க!"

"மைனி, சிவப்பு எரியுது" என்றான் தொம்மை.

"எனக்குக் கண்ணு தெரியும். இழு."

"மூணாவது தவறு மைனி. கரை போயிரும்."

"நிறுத்துனா என்ன ஆவும்னு உனக்குத் தெரியாதால?"

கரைவலை இழுத்தவன் எவனுக்கும் தெரியும். கயிறு இறுக்கமாக இருக்கும் வரைக்கும் வலை தண்ணீருக்குள் சுவர் மாதிரி நிற்கும். உள்ளே இருக்கிற பிராணி மேலே வந்து மூச்சு விடலாம். கயிறு தளர்ந்தால் சுவர் சாய்ந்து, துணி மாதிரி மடிந்து விழும். நீரோட்டம் அதைச் சுருட்டும். அதற்குள் மாட்டினது மேலே வர முடியாது. ஆவுளியாவுக்கு மீனைப் போலச் செவுள் கிடையாது. ஐந்தாறு நிமிஷம் தாங்கும். குட்டி அதுகூடத் தாங்காது.

எனக்கு அது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். கீழத்துறையில் கயிறு இழுப்பது இயந்திரம். சிவப்பு விழுந்த நொடியில் இயந்திரம் தானாக நின்றுவிடும், அப்படிச் செவியோடு பிணைத்திருந்தார்கள். ஒரு மாசி மாதம் அப்படி நின்றது. நாங்கள் சட்டப்படி மணலில் உட்கார்ந்து பீடி குடித்தோம். அரை மணி நேரத்தில் பச்சை விழுந்தது. வலையை இழுத்தோம். வலையின் கடைசிப் பையான மடியில் ஒரு ஆவுளியா, கண் திறந்தபடி, வாயில் புல்லோடு. செத்த ஆவுளியா வலையில் இருந்தால் ஜெயில். சவுக்குத் தோப்புக்குள் குழி தோண்டினோம். தோண்டியதில் நானும் ஒருத்தன். அந்த வருஷம் கீழத்துறைக்கு, ஒரு தவறும் இல்லாத கரை என்று விருது கொடுத்தார்கள். நான் அதற்குப் பிறகு அங்கே இருக்கவில்லை.

"இன்னாசியண்ணே, நீருமா?" என்றாள் கித்தேரி. என்னைப் பார்த்துத்தான். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. கயிற்றை எடுத்துப் பட்டையில் மாட்டினேன்.

ஆள் போதவில்லை. இடது கயிற்றில் ஏழு பேர்தான் இருந்தோம். ஒரு பக்கம் பலம் குறைந்தால் வலை கோணி, மடி முறுக்கிக்கொள்ளும். கித்தேரி மேட்டில் நின்ற ஜனத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"கை இருக்கிறவுக எல்லாம் வாங்க! மீனு கிடையாது, ஒண்ணும் கிடையாது. ரெண்டு உசுரு உள்ள கெடக்கு!"

ஒலிபெருக்கி நிறுத்தச் சொல்லிக்கொண்டே இருந்தது. கயிற்றை விட்டு மேலேறியிருந்த வெள்ளைச்சாமி ஒரு கணம் விளக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். அவர் வீட்டம்மா இறங்கியது. இருபது முப்பது பேர் இறங்கினார்கள். பட்டுப்பாவாடை, சலவைச் சட்டை எல்லாம் கயிற்றில் தொங்கியது. நான் எத்தனையோ வலை இழுத்திருக்கிறேன். அன்று இழுத்தது போல ஒரு வலை இழுத்ததில்லை. கித்தேரி "ஏலோ" என்றால் நூறு கால் ஒன்றாகப் பின்னால் போனது. "வலது நில்லு, இடது வா" என்றால் இடது மட்டும் வந்தது. கமுதிக்காரர்களுக்கு அது எப்படிப் புரிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவள் குரல் அப்படி.

மார்பளவு தண்ணீருக்கு வந்ததும் கித்தேரியும் தொம்மையும் உள்ளே நீந்தினார்கள். மிதவைக் கயிற்றை இரண்டு பேரும் சேர்ந்து அமுக்கிப் பிடித்தார்கள். தாய் அந்த வழியாகத் தாண்டி வெளியே போய்விட்டது. போனது திரும்பி வந்து வலைக்கு வெளியே நின்றது. குட்டி மடிக்குள் போய் மாட்டிக்கொண்டிருந்தது. மடி நிறைய சூடை மீன். அந்தப் பருவத்தில் அப்படி ஒரு மீன்பாடு எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. வெள்ளி மாதிரிக் கொதித்தது.

"கத்திய எடு" என்றாள்.

"மைனி, மடிய அறுத்தா..."

"எடுல!"

தொம்மை கொடுத்தான். அவள் மூச்சைப் பிடித்து உள்ளே போனாள். மடி கிழிந்தது மேலிருந்தே தெரிந்தது. மீன் ஆறு மாதிரி வெளியே ஓடியது. அந்த ஆற்றின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கொழுத்த பிள்ளை, தடுமாறி, மேலே வந்து, புஸ்ஸென்றது. கரையில் நின்ற ஜனம் கை தட்டியது. தாயும் குட்டியும் ஆழத்துக்குப் போய்விட்டன. அரை மணி கழித்து விளக்கு பச்சையானது.

கித்தேரி கரையேறி, கிழிந்த மடியை மடித்து வைத்தாள். தூணின் அடியில் இருந்த பலகையில் எழுத்து ஓடியது. தவறு மூன்று. நாளை காலை பதினொன்று பத்துக்கு மூடல்.

வெள்ளைச்சாமி படித்துவிட்டு, "என்னம்மா இது? நீங்க காப்பாத்தில்ல விட்டீங்க?" என்றார்.

"அதுக்குக் காது மட்டுந்தானே வே இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கோயில் மண்டபத்தில் விசாரணை. பெயர்தான் விசாரணை. வந்திருந்தவர் திலகா மேடம். செவியை இங்கே நட்டவர்களில் அவரும் ஒருவர். கடலைப் பற்றிப் படித்தவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் வருஷம் எங்களோடு வள்ளத்தில் வந்து வாந்தி எடுத்துக்கொண்டே கம்பம் நட்டார். அக்கம்பக்கத்துத் துறைக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கீழத்துறை மண்டாடி கஸ்பார், விருதுக்குப் போர்த்திய சால்வையை மடித்துத் தோளில் போட்டு முன்வரிசையில் இருந்தார்.

"நான் நிறுத்த முடியாதும்மா. செவி தப்பாக் கேட்டுச்சுன்னு நிரூபணம் ஆனா மட்டும்தான் மூடலை நிறுத்தி வைக்கலாம். சிவப்பு விழுந்தது சரி. வலை அசைஞ்சதும் சரி. மூணு தடவையும் நீங்க இழுத்திருக்கீங்க. மூணு தடவையும் மிருகம் பயந்து வேகமா வெளியே ஓடியிருக்கு."

"ஓடுச்சுல்லா. அதுக்குத்தான் இழுத்தோம்."

"கீழத்துறையைப் பாருங்க. நாலு தடவை சிவப்பு. நாலு தடவையும் உடனே நின்னிருக்காங்க. நாலு தடவையும் அமைதியா அரை மணி நேரத்துல பச்சை."

கித்தேரி ஒரு எட்டு முன்னால் வந்தாள். பிறகு கேட்டாள்.

"மேடம், ஆள் குரல் மாதிரி அதுகளுக்கும் குரலு தனித்தனியாமே. நீங்கதான் ஒரு தடவை சொன்னீக."

"ஆமா. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கு."

"எங்க கரையில ஓடுனது அதுக்கப்புறம் எங்கயாச்சும் கேட்டுச்சா?"

திலகா மேடம் மடியில் இருந்த கணினியைத் தட்டினார். "பதினொண்ணு... போன மாசம் கேட்டிருக்கு. பத்தொம்பது, முந்தாநாள். நேத்தைய தாய் இருபத்து மூணு, இன்னைக்குக் காலையில வடக்கே மேயுது. குட்டியோட."

"கீழத்துறையில அமைதியாப் போனது?"

திலகா மேடம் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"திரும்பக் கேக்கல" என்றார். "நாலுமே. இலங்கைப் பக்கம் குடிபெயர்ந்ததா செவி குறிச்சிருக்கு."

"நாலும் ஒரே கரையில இருந்து அக்கரைக்குப் போயிட்டாம்" என்றான் தொம்மை.

மேடம் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்தது போதாது. குரல் கேட்கவில்லை என்பது நிரூபணம் ஆகாது. யாராவது சொல்ல வேண்டும். சொன்னால் ஜெயில். என் மகளுக்கு சித்திரையில் கல்யாணம் வைத்திருந்தோம். சுவரில் இருந்த கடிகாரம் ஒன்பதைத் தாண்டியிருந்தது. கித்தேரி என் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கு என் கதை தெரியாது. தெரிந்திருந்தாலும் திரும்பியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

எழுந்தேன்.

"அது போகல மேடம்."

"என்ன?"

"கீழத்துறையில நான் வேலை பாத்தப்ப. மாசி மாசம். இயந்திரம் நின்னுச்சு, வலை சாஞ்சிருச்சு. மூச்சு முட்டிச் செத்துச்சு. செத்ததுனாலதான் சத்தம் நின்னுச்சு. உங்க விளக்கு அதுக்குத்தான் பச்சை போட்டுது. சவுக்குத் தோப்புல புதைச்சோம். குழி தோண்டுனதுல நானும் உண்டு. இடத்தக் காட்டுதேன்."

திலகா மேடம் கணினியை மூடினார். விரல் அதன் மேலேயே இருந்தது.

"சத்தம் நின்னா மிருகம் போயிடுச்சுன்னு எழுதிக் கொடுத்தது நான்தான்" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு தலையைத் தூக்கினார். "பெரியவரே, இதை எழுத்துல வாங்கினா உங்க மேல வழக்கு வரும். தெரியுமா?"

"தெரியும்."

"ஒண்ணுதான் உங்களுக்குத் தெரியும். மத்த மூணு?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் வந்துவிட்டேனே. மண்டபத்தில் எல்லாரும் கஸ்பாரைப் பார்த்தார்கள். மனுஷன் எழுந்தார். பிறகு தோளில் இருந்த சால்வையை எடுத்தார். நாலாக மடிந்திருந்ததை எட்டாக மடித்தார். அதைத் திலகா மேடம் மேஜையில் கொண்டு போய் வைத்தார்.

"இன்னாசி போனப்புறம் மூணு" என்றார். "தோப்புலதான் கெடக்கு. கடைசியா விழுந்தது சினை. எனக்கு ஆறு மாசமா தூக்கம் கெடையாது மேடம். இயந்திரம் நின்னா கையால இழுக்கலாம்னு எத்தனையோ நாள் நெனச்சேன். விருது வாங்குன கரை, தவறு விழுந்தா அசிங்கம்னு இருந்துட்டேன்." கித்தேரியைப் பார்த்தார். "இந்தப் பொம்பள மூணு தடவை அசிங்கப்பட்டிருக்கா."

நாங்கள் சொன்னதை மேடம் ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, கணினியில் ஏற்றினார். பதினொன்று ஐந்துக்குத் தூணின் பலகையில் எழுத்து மாறியது. மூடல் நிறுத்தி வைக்கப்பட்டது. வெளியே நின்ற ஜனம் சத்தம் போட்டது. தொம்மை ஓடிப்போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். குழிகளைக் காட்டவும் வழக்குக்கும் என்று கஸ்பாரையும் என்னையும் ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். வெளியே வர எத்தனை மாதம் ஆகும் என்று திலகா மேடத்துக்கே தெரியவில்லை. அவரும் எங்களோடு தோப்புக்கு வருவதாகச் சொல்லி, தன் பெயரையும் அந்தக் காகிதத்தில் எழுதினார்.

ஜீப்பின் பக்கத்தில் கித்தேரி வந்து நின்றாள். என்னிடம் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கஸ்பாரிடம் பேசினாள்.

"உங்க ஆளுக கையால கயிறு இழுத்து எத்தனை வருஷம் ஆச்சு ஓய்?"

"பத்து இருக்கும்."

"இனி சிவப்பு விழுந்தா கைதான். இயந்திரத்துக்கு நிக்க மட்டுந்தான் தெரியும், வலது இடது தெரியாது. நாளைக்குக் காலையில முப்பது பேர அனுப்பச் சொல்லும். மடி தைக்கணும், அது முடிஞ்சதும் இழுக்கப் பழகணும்." பிறகுதான் என்னைப் பார்த்தாள். "இன்னாசியண்ணே, வீட்டுல கல்யாண வேலைய நான் பாத்துக்கிடுதேன். போயிட்டு வாரும்."

ஜீப் புறப்பட்டது. அவள் ஏற்கெனவே திரும்பி, தொம்மையை நூல்கண்டு எடுத்து வரச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள்.